வசதியை எதைக் கொண்டு அளப்பது? உடல்நல சர்வேக்கு முன் எடுக்க வேண்டிய ஒரு முடிவு

"ஏன் தம்பி, இதைச் சொன்னா மாசம் வர்ற ஆயிரம் ரூவா நின்னுடுமா?"

விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து ஓர் அம்மாவிடம் கேட்டுப் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, படிப்பு எல்லாம் தடையில்லாமல் வந்தன. "வீட்டு மாச வருமானம் எவ்வளவும்மா?" என்றதும் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அது அவருக்கு மனப்பாடம். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் படிவமுமாக வந்து நிற்கிற யாரும் அவருக்கு அரசாங்கம்தான். சற்று யோசித்துவிட்டு, "ஆறாயிரம்னு போட்டுக்கோ" என்றார். போட்டுக்கொண்டேன்.

அன்று இரவு படிவங்களைச் சரிபார்க்கும்போதுதான் உறைத்தது. ஆறாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் 72,000. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு நெடுநாள் இருந்த ஆண்டு வருமான வரம்பு அதுதான்; இப்போது அது 1,20,000, அதாவது மாதம் பத்தாயிரம். எங்கள் படிவங்களில் ஆறாயிரமும் பத்தாயிரமும் குவிந்து கிடந்தன. மக்கள் பொய் சொல்லவில்லை. வருமானம் என்று யார் கேட்டாலும், தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழில் உள்ள எண்ணைச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எந்த உடல்நல சர்வே அறிக்கையைத் திறந்தாலும் முதல் அட்டவணை ஒரே மாதிரி இருக்கும்: வயது, பாலினம், படிப்பு, தொழில், திருமண நிலை, சமூகம், பொருளாதார நிலை. பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டி நேராக 'எத்தனை பேருக்குச் சர்க்கரை' என்ற இடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் சர்க்கரை யாருக்கு அதிகம், யார் மாத்திரை எடுக்கவில்லை, யாருக்கு நோய் இருப்பதே தெரியவில்லை என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த முதல் அட்டவணையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதிலும் மற்ற வரிசைகளை எப்படியோ சமாளித்துவிடலாம். பொருளாதார நிலை என்ற ஒரு வரிசையில்தான் ஆய்வேடு எழுதும் மாணவர்களும், தொண்டு நிறுவனங்களில் சர்வே நடத்துபவர்களும் தடுமாறுகிறார்கள். கைடு ஓர் அளவுகோலைச் சொல்வார், புள்ளியியல் பார்ப்பவர் வேறொன்றைச் சொல்வார், சீனியரின் படிவத்தில் மூன்றாவது ஒன்று இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஓர் ஊரிலோ ஒரு வட்டாரத்திலோ சில நூறு பெரியவர்களை வைத்து நடத்தும் சர்வே என்றால், ஒவ்வொருவரின் படிப்பையும், அந்த ஊரைப் பார்த்துத் தயாரித்த வீட்டுப் பொருள் பட்டியலையும் எடுத்துக்கொள்ளுங்கள். வருமானத்தைக் கேட்பதானால் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள், அதை மட்டும் நம்பி யாரையும் வகுப்புப் பிரிக்காதீர்கள். இந்த முடிவுக்கு வர எனக்குச் சில வருடங்களும் சில தவறான அட்டவணைகளும் ஆயின.

பிரசாத் அளவுகோல்

மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளில் அதிகம் கண்ணில் படுவது பி.ஜி. பிரசாத் 1961ல் வகுத்த அளவுகோல். அதன் கவர்ச்சி எளிமைதான். குடும்பத்தின் மாத வருமானத்தைத் தலைக்கணக்கால் வகுக்க வேண்டும். தலைக்கு 100 ரூபாயும் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 50 முதல் 99 வரை இரண்டாவது, 30 முதல் 49 வரை மூன்றாவது, 15 முதல் 29 வரை நான்காவது, 15க்குக் கீழே ஐந்தாவது. கிராமம், நகரம் இரண்டுக்கும் பொருந்தும். கேள்வி ஒன்று, கணக்கு ஒன்று, வேலை முடிந்தது.

1961ன் ரூபாயை இன்றைய ரூபாயாக மாற்றுவதில் பலர் சறுக்குகிறார்கள். தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வைத்துத்தான் மாற்றுவார்கள். அந்தக் குறியீட்டின் அடிப்படை ஆண்டு 1960லிருந்து 1982, 2001, 2016 என்று மாறி வந்திருக்கிறது. அதனால் பழைய அடிப்படையைப் புதியதோடு இணைக்கும் 4.93, 4.63, 2.88 என்ற மூன்று இணைப்புக் காரணிகளாலும் பெருக்க வேண்டும். நீங்கள் சர்வே செய்யும் மாதத்தில் குறியீடு 140 என்று வைத்துக்கொள்வோம். அதை இந்த மூன்றாலும் பெருக்கி நூறால் வகுத்தால் ஏறக்குறைய 92 வரும். அப்படியானால் முதல் வகுப்பின் எல்லை 9,200 ரூபாய், மூன்றாவது தொடங்குவது 2,760ல், நான்காவது தொடங்குவது 1,380ல். 2.88ஐ மறந்துவிட்டுப் பழைய சூத்திரத்தையே போட்டவர்களின் ஆய்வேட்டில் ஊரில் பாதிப் பேர் முதல் வகுப்பில் இருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்தவுடன் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சரி, கணக்கைச் சரியாகப் போட்டாலும் என்ன ஆகிறது? திண்ணை அம்மா வீட்டில் நான்கு பேர். ஆறாயிரம் என்றால் தலைக்கு 1,500, நான்காம் வகுப்பு. அவருடைய மகன் திண்டிவனத்தில் ஒரு பட்டறையில் வேலை செய்து வீட்டுக்குக் கொடுப்பதையும் சேர்த்தால் பன்னிரண்டாயிரம் தேறும். அப்போது தலைக்கு 3,000, மூன்றாம் வகுப்பு. மகன் கொடுப்பது 'வருமானம்' என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "அது அவன் குடுக்கறது" என்றார். அறுவடை மாதத்தில் கேட்டால் ஒரு பதில், ஆடியில் கேட்டால் வேறு பதில். சம்பளக்காரர்கள் நிறைந்த நகர்ப்புறக் குடியிருப்பில் இந்த அளவுகோல் ஓரளவு வேலை செய்யும். கூலியும் விவசாயமும் கலந்த ஊரில் அது அளப்பது வசதியை அல்ல, அந்த வாரத்து நினைவை.

குப்புசாமி அளவுகோலும் குடும்பத் தலைவரும்

1976ல் வந்த குப்புசாமி அளவுகோல் நகரங்களுக்கானது. வருமானத்தை மட்டும் நம்பாமல் குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. படிப்புக்கு 7 மதிப்பெண் வரை, தொழிலுக்கு 10 வரை, குடும்ப வருமானத்துக்கு 12 வரை. கூட்டினால் 3க்கும் 29க்கும் இடையில் ஓர் எண். 26ம் அதற்கு மேலும் மேல்தட்டு, 16 முதல் 25 வரை மேல் நடுத்தரம், 11 முதல் 15 வரை கீழ் நடுத்தரம், 5 முதல் 10 வரை அதற்கு அடுத்த தட்டு, 5க்குக் கீழே அடித்தட்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் யார்? ரேஷன் கார்டில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் என்று பலர் எழுதிக்கொண்டு வருகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் பெரும்பாலும் குடும்பத் தலைவி, சில வீடுகளில் எழுபது தாண்டிய பாட்டி. பள்ளிக்கூடம் போகாத, இப்போது வேலைக்கும் போகாத பாட்டி தலைவர் என்றால் படிப்புக்கு 1, தொழிலுக்கு 1. குடும்ப வருமானத்துக்கு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6, கீழிருந்து இரண்டாவது தட்டு. அதே வீட்டில் இன்ஜினியராக இருக்கும் மகனைத் தலைவர் என்று எழுதினால் 7, 10, 4 சேர்த்து 21, மேல் நடுத்தரம். அதே வீடு, அதே சோறு, அதே வருமானம். எழுதியவர் யார் பெயரை எடுத்தார் என்பதில் குடும்பம் இரண்டு படி ஏறி இறங்குகிறது. அதனால் குப்புசாமியைத்தான் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், 'வீட்டுச் செலவுக்கு அதிகம் கொடுப்பவர்' என்பது போல ஒரு விதியை முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லாக் களப்பணியாளரும் அதையே பின்பற்றும்படி செய்யுங்கள்.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. பெரியவர்களின் உடல்நலத்தை அளக்கிறோம். ஆனால் வீட்டில் உள்ள மருமகளின் படிப்பும் உழைப்பும் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. அவளுடைய ரத்த அழுத்தத்துக்கு மாமனாரின் தொழிலை வைத்து விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கிராமத்துக்கென்று உதய் பரீக் 1964ல் வகுத்த அளவுகோலும் உண்டு. நிலம், வீடு, ஏர் மாடு போன்ற உழவு வசதி, ஊர்ப் பொறுப்புகள் எல்லாம் அதில் சேரும். சாதியும் மதிப்பெண்ணாகச் சேரும். அங்கேதான் நான் அதை விட்டுவிடுகிறேன். சாதியால் உடல்நலம் எப்படி மாறுகிறது என்பது தனியே பார்க்க வேண்டிய கேள்வி. அதை வசதியோடு ஒரே எண்ணில் குழைத்துவிட்டால், பிறகு இரண்டையும் பிரித்தெடுக்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், இதர வகுப்பினர் என்று அதற்குத் தனி வரிசை கொடுங்கள். தெருவைப் பார்த்து நீங்களே ஊகித்து எழுதாதீர்கள், கேட்டு எழுதுங்கள்.

செலவுக் கணக்கு

வருமானத்தை மறைப்பவர்கள்கூடச் செலவை மறைப்பதில்லை. வளரும் நாடுகளில் செலவே நம்பகமான அளவு என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 45 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆராயும் இந்திய முதுமை ஆய்வு, அதாவது லாசி, 2017–18ல் தொடங்கிய முதல் சுற்றிலேயே 72,000 பேருக்கு மேல் சந்தித்தது. அதில் உணவுக்கு 11, மற்றவற்றுக்கு 29 என்று இனம் இனமாகக் கேட்டுத் தலைக்கு மாதச் செலவைக் கணக்கிட்டார்கள்.

பெரிய குழு, பயிற்சி பெற்ற ஆட்கள், நேரம் எல்லாம் இருந்தால் இதைச் செய்யலாம். சின்ன சர்வேயில் நான் ஒருமுறை முயன்றேன். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று வாரக்கணக்கு, கரன்ட் பில்லும் ஸ்கூல் ஃபீஸும் மாதக்கணக்கு, துணிமணியும் திருவிழாவும் வருடக்கணக்கு. அரை மணி நேரம் ஓடிவிட்டது. அதற்குள் அடுப்பில் குழம்பு கொதித்து, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்து, அந்த அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். ரத்தப் பரிசோதனைக்கு அவர் திரும்பி வரவில்லை. ரேஷனில் இலவசமாக வரும் அரிசிக்கு என்ன விலை போடுவது என்பது தனித் தலைவலி. தேசிய அளவில் 2022–23ல் நடந்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்விலேயே இலவசப் பொருட்களின் மதிப்பைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு கணக்கு வெளியிட்டார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் உடல்நல சர்வேக்கே உரியது. ஒரு வீட்டில் அந்த வருடம் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. நகையை அடமானம் வைத்து, வட்டிக்கு வாங்கி மூன்று லட்சம் செலவழித்திருந்தார்கள். செலவுக் கணக்கில் அந்த வீடு ஊரிலேயே பணக்கார வீடு. 'இதய நோய் வசதியானவர்களிடம் அதிகம்' என்று அட்டவணை சொல்லும். மருத்துவச் செலவைத் தனியே எடுத்துவிட்டுத்தான் தட்டுப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்தாலும், கடனுக்கு வட்டி கட்டி வயிற்றைக் கட்டியிருக்கும் வீடு இந்த முறை ரொம்பவும் கீழே தெரியும்.

வீட்டில் என்னென்ன இருக்கிறது

வருமானத்தையும் செலவையும் விட்டுவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதைப் பார் என்பதுதான் சொத்துக் குறியீடு. வீட்டின் கூரை, தரை, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள், டிவி, ஃபிரிட்ஜ், பைக் என்று ஆம், இல்லை கேள்விகள். பிறகு கணினியில் முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடை கண்டுபிடித்து, கூட்டி, மக்களை ஐந்து சம பங்காகப் பிரிக்கிறார்கள். இந்த முறையைப் பரவலாக்கிய ஃபில்மர், பிரிட்செட் இருவரும் அதைச் செய்து காட்டியதே இந்தியாவின் முதல் தேசியக் குடும்பநல ஆய்வின் (1992–93) தரவை வைத்துத்தான். அவர்களின் கட்டுரை 2001ல் வந்தது. இன்றுவரை தேசியக் குடும்பநல ஆய்வு இந்த வழியில்தான் வசதியை அளக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது, கேட்பதும் சொல்வதும் யாருக்கும் கூச்சமாக இல்லை என்பது. "ஃபிரிட்ஜ் இருக்காக்கா?" என்று கேட்டால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த மாதம் வேலை இல்லை என்பதற்காகக் கூரை மாறிவிடாது, அதனால் நீண்டகால நிலைமையைக் காட்டும்.

ஆனால் தேசியப் பட்டியலை அப்படியே நகலெடுத்துத் தமிழ்நாட்டில் போட்டால் ஏமாந்துவிடுவீர்கள். 2006 முதல் 2011 வரை இலவச வண்ணத் தொலைக்காட்சி, அதன்பின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, இவை தவிரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள், லேப்டாப் என்று அரசே வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கிறது. டிவியும் ஃபேனும் பீகாரில் ஒரு குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்லும். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் எதுவும் சொல்லாது. எல்லோரிடமும் இருக்கும் பொருளால் ஒருவரையும் பிரிக்க முடியாது. தேசிய ஐந்து பங்குகள் இந்தியா முழுவதையும் வைத்துப் பிரிக்கப்பட்டவை என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கோட்டில் உங்கள் ஊரை வைத்தால், வீடுகள் ஓரிரண்டு பங்குகளிலேயே குவிந்துவிடலாம்.

ஊருக்கு ஏற்ற பட்டியல் என்று நான் சொல்வது இதைத்தான். முதலில் இருபது வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். எது சிலரிடம் இருக்கிறது, சிலரிடம் இல்லை என்று எழுதுங்கள். எங்களுக்குக் கடைசியில் மிஞ்சியவை: கூரை கான்கிரீட்டா, ஓடா, சிமென்ட் ஷீட்டா; தலைக்கு எத்தனை அறை; கழிப்பறை இருக்கிறதா என்பதைவிட அதைப் பயன்படுத்துகிறார்களா; குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறார்களா; கேஸ் மட்டுமா, கேஸோடு விறகுமா; வாஷிங் மெஷின்; ஏசி; எத்தனை டூவீலர்; சொந்தப் பெயரில் நிலம். சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். "போன சிலிண்டர் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இரண்டு மாதத்துக்கு ஒன்று வாங்கும் வீட்டுக்கும், விருந்தாளி வந்தால் மட்டும் கேஸ் பற்றவைக்கும் வீட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அடுப்புப் புகையை வருடக்கணக்கில் சுவாசிக்கும் அம்மாவின் நுரையீரலைப் பற்றியும் அந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது.

குறையும் உண்டு. இது தரவரிசை மட்டுமே. உங்கள் ஊரின் 'கீழ் ஐந்தில் ஒரு பங்கு' பக்கத்து மாவட்டத்தின் கீழ்ப் பங்குக்குச் சமம் என்று சொல்ல முடியாது. கடன் இதில் தெரியாது. தவணையில் வாங்கிய பைக்கும் ரொக்கம் கொடுத்து வாங்கிய பைக்கும் ஒரே மதிப்பெண். எல்லோரும் ஒரே மாதிரி வாழும் மீனவர் குப்பத்திலோ தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலோ இந்தக் குறியீடு திணறிப்போகும்.

படிப்பு

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு எண் அமைதியாக நிற்கிறது: எத்தனை வருடம் பள்ளிக்கூடம் போனீர்கள்?

இதை நான் முதலிடத்தில் வைப்பதற்கு ஒரு லாரி ஓட்டுநர் காரணம். ஐம்பத்திரண்டு வயது. பக்கவாதம் வந்து ஒரு கை செயலிழந்து, வேலை போய், மனைவியின் கூலியில் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. வருமானத்தை வைத்துப் பார்த்தால் அவர் அடித்தட்டு. 'ஏழைகளுக்குப் பக்கவாதம் அதிகம்' என்ற கணக்கில் அவரும் ஒருவர். ஆனால் ஏழ்மையால் பக்கவாதம் வரவில்லை, பக்கவாதத்தால் ஏழ்மை வந்தது. ஒரே ஒரு முறை போய்க் கேட்டுவிட்டு வரும் சர்வேயில் எது முன், எது பின் என்று பிரிக்க வருமானத்தால் முடியாது. அவர் பத்தாவது வரை படித்தவர். அது பக்கவாதத்துக்கு முப்பத்தைந்து வருடம் முன்பே முடிந்துபோன விஷயம், நோய் வந்து அதை மாற்ற முடியாது. வீட்டுப் பொருட்கள் நடுவில் நின்றன: ஃபிரிட்ஜ் இருந்தது, பைக்கை விற்றிருந்தார்கள்.

படிப்பு அந்த ஆளுக்கே உரியது என்பது இன்னொரு பலம். மருமகளுக்கு மருமகளின் படிப்பு, மாமியாருக்கு மாமியாரின் படிப்பு. ஆணையும் பெண்ணையும் ஒரே வீட்டு எண்ணுக்குள் அடைக்க வேண்டியதில்லை. தொற்றா நோய் சர்வேக்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் படிவம், 18 முதல் 69 வயதுக்காரர்களிடம் கட்டாயம் கேட்கச் சொல்லும் விவரங்கள் பாலினம், வயது, படித்த வருடங்கள். வருமானத்தைக் கூடுதல் கேள்விகளில்தான் வைத்திருக்கிறது.

கேட்பதில் ஒரு சின்னச் சிக்கல். 'எஸ்எஸ்எல்சி' என்று சொன்னால் உடனே 10 என்று எழுதிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ வருவதற்கு முன்பு எஸ்எஸ்எல்சி என்பது பதினோரு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் பியூசி. அறுபதுகளின் நடுவில் இருப்பவருக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் அந்தச் சொல் ஒரே அளவு இல்லை. "எத்தனாவது வரைக்கும் போனீங்க, அது பாஸா ஃபெயிலா?" என்று கேட்டு, முடித்த வருடத்தை எண்ணாக எழுதுங்கள். வகுப்புகளாகப் பிரிப்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

பலவீனம் எங்கே என்றால், முதியவர்களிடம். எழுபது வயதுக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்களில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்தை மிதிக்காதவர்கள். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் பாட்டிக்கும் அவர் நிலத்தில் நாற்று நட்ட பாட்டிக்கும் ஒரே பூஜ்ஜியம். அவர்களைப் பிரித்துப் பார்க்க வீட்டுப் பட்டியல் வேண்டும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்காமல் தனித்தனி வரிசையாகவே வைத்திருங்கள்.

வயதும் வேலையும்

வயதைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்த தேதி இருக்கும் முதியவர்கள் எக்கச்சக்கம். கேட்டால் "அறுவது இருக்கும்", "ஒரு எழுவது போட்டுக்கோ" என்பார்கள். உங்கள் தரவில் 0, 5 என்று முடியும் வயதுகள் குவிந்திருக்கின்றனவா என்று பார்க்க விப்பிள் குறியீடு உதவும்: 23 முதல் 62 வயது வரையிலானவர்களில் அப்படி முடியும் வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த வயதுக் குழுவின் மொத்தத்தால் வகுத்து, 500ஆல் பெருக்க வேண்டும். 100 என்றால் குவியல் இல்லை, 500 என்றால் எல்லோருமே அப்படிச் சொன்னார்கள் என்று அர்த்தம்.

குவியலைக் குறைக்க நாங்கள் ஒரு நிகழ்ச்சிப் பட்டியல் வைத்திருந்தோம். 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல், 1969 பிப்ரவரியில் அண்ணா மறைவு, 1987 டிசம்பரில் எம்ஜிஆர் மறைவு, 2004 சுனாமி. "அண்ணா செத்தப்ப என் மூத்தவன் மடியில பால் குடிச்சுக்கிட்டிருந்தான்" என்றார் ஒரு பாட்டி. அப்போது உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம், வயதுக்கு வந்து எவ்வளவு நாளில் கல்யாணம் என்று பின்னோக்கிப் போனால் 1950 பக்கம் வந்து நிற்கும். ஆதாரில் 1955. ஐந்து வருட வித்தியாசம். ரத்த அழுத்தம் வயதோடு ஏறுவது, அதனால் இந்த ஐந்து வருடம் சின்ன விஷயமில்லை.

தொழிலுக்கு 'இல்லத்தரசி' என்ற கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள். தென்காசிப் பக்கம் ஒரு வீட்டில் "என்ன வேலைக்கா பாக்கீங்க?" என்று கேட்டதற்கு "சும்மாதாம் இருக்கேன்" என்றார். மடியில் சுளகு, சுளகில் பீடி இலையும் தூளும், பேசிக்கொண்டே விரல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. "போன ஒரு வருஷத்துல காசு வந்த வேலை ஏதாவது செஞ்சீங்களா? நூறு நாள் வேலை, பூ கட்டுறது, பீடி, மாடு?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

திருமண நிலையில் கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர் என்ற இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், அது போதும். அப்புறம், பகல் பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் பெண்களும் முதியவர்களும் மட்டும்தான் கிடைப்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள். உங்கள் முதல் அட்டவணையில் முக்கால்வாசி பெண்கள் இருந்தால், மேலே சொன்ன எந்த அளவுகோலும் அதைச் சரிசெய்யாது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திரும்பப் போக வேண்டியதுதான்.

எப்போது எதை எடுப்பது

உங்கள் எண்களைத் தேசியக் குடும்பநல ஆய்வோடு ஒப்பிட வேண்டுமென்றால் அவர்களின் பொருள் பட்டியலை வார்த்தை மாறாமல் கேட்டுவிட்டு, உங்கள் ஊர்க் கேள்விகளைப் பின்னால் சேருங்கள். வயதையும் கவனியுங்கள்: 2019–21ல் நடந்த ஐந்தாவது சுற்றில் பெண்களுக்கான படிவம் 15–49, ஆண்களுக்கானது 15–54, ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் 15 வயதுக்கு மேல் எல்லோருக்கும் பார்த்தார்கள். கல்லூரியில் பிரசாத் அல்லது குப்புசாமி கட்டாயம் என்றால் போடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் கூடவே படித்த வருடங்களைத் தனி எண்ணாக எடுத்துவைத்து, இரண்டு வகையிலும் முடிவு ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வேறுபட்டால் அந்த வேறுபாட்டையே எழுதுங்கள், உங்கள் ஆய்வேட்டில் படிக்கத் தகுந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும். மருத்துவச் செலவால் குடும்பங்கள் நொடித்துப்போவதை ஆராய்கிறீர்கள் என்றால் செலவுக் கணக்கைத் தவிர்க்க முடியாது, அதற்கேற்ற ஆளும் நேரமும் ஒதுக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்காத முகாமில் எடுக்கிறீர்கள் என்றால் படிப்பு, கூரை, சமையல் எரிபொருள் மூன்று போதும்.

விழுப்புரத்துப் படிவத்தைப் பிறகு மாற்றினோம். வருமானக் கேள்வி முதல் பக்கத்திலிருந்து கடைசிக்குப் போனது. ரத்த அழுத்தம் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்த பிறகு கேட்டோம். அதுவும் 'எவ்வளவு' என்று கேட்காமல், "இந்த மூணு மாசத்துல வீட்டுச் செலவுக்குக் கடன் வாங்கவோ நகை வைக்கவோ வேண்டி வந்துச்சாம்மா?" என்று. அடுத்த சுற்றில் அதே திண்ணைக்குப் போனேன். கம்மல் அடமானத்தில் இருப்பதை அந்த அம்மா அவராகவே சொன்னார். பிரஷர் மாத்திரை மூன்று மாதமாகப் போடவில்லை என்றும் சொன்னார். "குடுக்க வர்றவங்க பத்து மணிக்கு வராங்க தம்பி. நான் ஏழு மணிக்கே களையெடுக்கப் போயிடறேன். லீவு போட்டா அன்னைக்குக் கூலி போச்சு."

படிவத்தில் அதை எழுத இடம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன். அடுத்த படிவத்தில் வேலைக்குக் கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் தனிக் கேள்வியாகச் சேர்ந்தன.